அரை சென்டியின் சர்க்கரை நோட்டு

ரெடிமேட் ஃபாக்டரியில் அவளுக்கு அரை சென்டி என்று பெயர். வைத்தவர்கள் தையல் லைனில் உட்கார்ந்திருக்கும் பெண்கள். பாசத்தில் வைத்த பெயர் என்று சொல்ல முடியாது. கைக்குழந்தைச் சட்டைகள் தைக்கிற இடம் அது. தைத்து முடித்த ஒவ்வொரு பீஸும் அவள் மேஜைக்குத்தான் வரும். அவள் அதை விரித்து, உள்ளங்கையால் சுருக்கத்தை நீவி, மார்பு, தோள், கழுத்து, நீளம் என்று நாலு இடத்தில் டேப் வைத்து அளப்பாள். சார்ட்டில் இருபது சென்டி என்று இருந்தால் பத்தொன்பதரையிலிருந்து இருபதரை வரை போகலாம். முன்னே பின்னே விட்டுக்கொடுக்கிற அந்த அரை சென்டிக்கு டாலரன்ஸ் என்று பெயர். அதற்கு மேல் ஒரு நூல் நகர்ந்தாலும் பீஸ் சிவப்புக் கூடைக்குப் போய்விடும். தைத்தவள் கெஞ்சினாலும் சரி, முறைத்தாலும் சரி.

"புருஷனையும் டேப் வச்சு அளந்து பார்த்துத்தான் கட்டிக்கிட்டிருப்பா" என்று பின்னாலிருந்து குரல் வரும். காதில் விழாத மாதிரி அடுத்த பீஸை விரிப்பாள்.

இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அளக்கிறவள், தன் சர்க்கரை நோட்டில் ஏழு வாரம் தப்புக் கணக்கு எழுதினாள் என்றால் அந்த லைனில் ஒருத்தியும் நம்பியிருக்கமாட்டாள். அவளே நம்பவில்லை. கோளாறு அங்கேதான் இருந்தது.

கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உண்டான கர்ப்பம். ஆறாவது மாதத்தில் சர்க்கரை கரைத்த தண்ணீரைக் குடிக்கவைத்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மறுவாரமே, கர்ப்பகாலச் சர்க்கரை என்று சொல்லி, புதன்கிழமை கிளினிக்குக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே நீண்ட வராந்தா. இருபக்கமும் பிளாஸ்டிக் நாற்காலிகள். எல்லா நாற்காலியிலும் வயிறுகள். சர்க்கரை நர்ஸ் என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒரு பெண்மணி, சின்ன மிஷின் ஒன்றையும் ஐம்பது பட்டைகள் கொண்ட டப்பாவையும் ஒரு நோட்டையும் கையில் கொடுத்தாள். விரலைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைப் பட்டையில் வைத்தால் மிஷின் நம்பரைக் காட்டும்.

"ஒரு நாளைக்கு நாலு தடவை. காலையில வெறும் வயித்துல தொண்ணூத்தஞ்சுக்குக் கீழ இருக்கணும். மூணு வேளையும் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு நூத்தி நாப்பதுக்குக் கீழ இருக்கணும். வந்ததை இதுல எழுதுங்க."

"டாலரன்ஸ் எவ்வளவு சிஸ்டர்?"

"என்னது?"

"முன்னே பின்னே எவ்வளவு போகலாம்?"

வெளியே இன்னும் நாற்பது வயிறுகள் காத்திருந்தன. "கீழ இருக்கணும்மா. அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த சீட்டைக் கூப்பிட்டாள்.

அரை சென்டியின் மனம் அதை ஏற்கவில்லை. டாலரன்ஸ் இல்லாத அளவை அவள் பதினோரு வருஷத்தில் பார்த்ததே கிடையாது. எல்லா சார்ட்டிலும் கடைசிக் கட்டத்தில் அது இருக்கும். இந்த அவசரத்தில் சொல்ல விட்டுப்போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் கேட்டாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள பாதி அடுக்குமாடிகளில் நடுவழியில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுக்கிற வேலை. கை முழுக்க கிரீஸ், வாய் முழுக்க தைரியம்.

"லிஃப்ட்ல ஆறு பேர்னு போர்டு வச்சிருப்போம். ஏழாவது ஆள் ஏறினா அறுந்து விழுந்துடுமா? எட்டு பேரைத் தாங்கும். எட்டுன்னு எழுதினா பத்து பேர் ஏறுவான். அதான் குறைச்சு எழுதறது. டாக்டருங்களும் அப்படித்தான் எழுதியிருப்பாங்க. நீ கவலைப்படாதே."

அவள் கவலைப்படுவதை விட்டாள். தொண்ணூற்றெட்டு வந்தால் தொண்ணூற்றைந்து என்று எழுதினாள். நூற்று நாற்பத்து நாலு வந்தால் நூற்று நாற்பது. டாலரன்ஸுக்குள் இருக்கும் பீஸைச் சார்ட் அளவிலேயே பதிவு செய்வதுதான் ஃபாக்டரி வழக்கம். அதில் அவளுக்கு உறுத்தல் எதுவும் இல்லை.

ஒருநாள் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு நூற்று ஐம்பத்திரண்டு வந்தது. இதை எந்த டாலரன்ஸிலும் அடக்க முடியாது. கொஞ்ச நேரம் மிஷினையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் ஞாபகம் வந்தது, சாப்பிட்ட கையோடு பழம் நறுக்கிய கை. விரலில் சாறு ஒட்டியிருந்தால் நம்பர் ஏறும் என்று நர்ஸே சொல்லியிருக்கிறாள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். ஈரம் காயட்டும் என்று மூன்று மாடி இறங்கி, தெருமுனை வரை நடந்து, மறுபடி ஏறி வந்தாள். வேறு விரலைக் குத்தினாள். நூற்று முப்பத்தேழு. நோட்டில் நூற்று முப்பத்தேழு என்று முத்து முத்தாக எழுதினாள்.

இதற்கும் அவளிடம் நியாயம் இருந்தது. பீஸ் கசங்கியிருந்தால் அளவு தப்பாகத்தான் வரும். நீவிவிட்டு இரண்டாம் தடவை அளக்கலாம், இரண்டாவதுதான் கணக்கு. மூன்றாவது தடவை டேப்பை எடுத்தால் மட்டும் சூப்பர்வைசர் கத்துவார். "ரெண்டுக்கு மேல அளந்தா நீ அளக்கலம்மா, இழுக்கிற" என்பார். அவள் மூன்றாவது தடவை குத்தியதே இல்லை. முதல் தடவை துணி கசங்கியிருந்தது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள். படியேறி இறங்கிய அரை மணி நேரத்தில் உடம்பு சர்க்கரையைச் செலவழித்துவிட்டது என்பதும், இப்போது அளந்தது வேறொரு பீஸை என்பதும் அவளுக்கு உறைக்கவில்லை. உறைக்காமல் பார்த்துக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு தடவை குத்தினால் ஐம்பது பட்டை பன்னிரண்டு நாள் தாங்காது. அவள் மருந்துக்கடையில் தனியாக ஒரு டப்பா வாங்கி அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தாள். ஏன் துணிக்கு அடியில் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்திருக்காது.

அவளைச் சொல்லியும் பயனில்லை. அந்த நாட்களை வாழ்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். செக்கிங் மேஜை நின்றுகொண்டு வேலை செய்கிற உயரம். கர்ப்பிணி என்று இரக்கப்பட்டு சூப்பர்வைசர் ஒரு ஸ்டூல் போட்டுக்கொடுத்தார். அதில் உட்கார்ந்தால் மேஜை கழுத்துக்கு வரும். ஸ்டூல் அவள் டிபன் பையை வைக்கத்தான் உதவியது. ஒன்பது மணி நேரம் நின்ற காலில் சாயங்காலம் செருப்பின் வார் பதிந்து கிடக்கும். தாகம், தண்ணீர், கழிப்பறை, மறுபடி தாகம். பஸ்ஸில் வரும்போது கண் சொருகும். வீட்டுப் படி ஏறும்போது இரண்டாவது மாடியில் நின்று, இங்கேயே படுத்துவிட்டால் என்ன என்று யோசிப்பாள். இந்த உடம்பை வைத்துக்கொண்டு தனியாக ஒரு சமையல் செய்ய அவளுக்குத் திராணி இல்லை.

அதனால் கீழ்வீட்டிலிருந்து வந்ததைச் சாப்பிட்டாள். கீழ்வீட்டில் இருந்தது நாத்தனார், புருஷனின் அக்கா. கொடுக்கிற கை. அளந்து கொடுக்கத் தெரியாத கை. ஒரு ஆளுக்கு என்று அவள் அனுப்புகிற பாத்திரத்தில் பந்தியே நடத்தலாம்.

"அண்ணி, டாக்டர் இவ்வளவு சாப்பிடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"சொல்லுவாங்க சொல்லுவாங்க. ரெண்டு உயிருக்குச் சாப்பிடறவ கோழி கொத்தற மாதிரி கொத்தினா ஆச்சா? எனக்கு மூணு. ஒவ்வொண்ணும் நாலு கிலோ. தூக்கின நர்ஸுக்கே கை வலிச்சுது. எந்த மிஷினை வச்சு எவ குத்திப் பார்த்தா?"

பதில் பேசவும் தெம்பு வேண்டுமே. சாப்பிட்டாள், கை கழுவினாள், குத்தினாள், படி இறங்கி ஏறினாள், குத்தினாள், எழுதினாள்.

புதன்கிழமைகளில் அவள் நோட்டுக்கு நல்ல மரியாதை. சர்க்கரை நர்ஸ் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, "இந்த வராந்தாவிலேயே நீங்கதாம்மா ஃபர்ஸ்ட்" என்பாள். ஒருதடவை, பக்கத்து நாற்காலியிலிருந்த ஒரு சின்னப் பெண்ணிடம் அந்த நோட்டைக் காட்டி, "பாருங்க, ஃபாக்டரியில நின்னு வேலை செய்யறவங்க இவங்க. இவங்களால முடியுது, உங்களால முடியலையா?" என்று கேட்டுவிட்டாள். அந்தப் பெண்ணின் நோட்டில் நூற்று அறுபதும் நூற்று எழுபதும் அடித்தல் திருத்தல் இல்லாமல் கிடந்தன. அன்றைக்கே அவளுக்கு இன்சுலின் எழுதினார்கள். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அழுதாள். அரை சென்டி தன் நோட்டை வாங்கிப் பைக்குள் தள்ளினாள். அன்றைக்கு பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

முப்பத்து நாலாவது வாரம் ஸ்கேன். நாத்தனாரும் கூட வந்தாள். இருட்டறை, குளிர்ந்த பசை, சுவரில் ஒரு திரை. ஸ்கேன் பார்க்கிறவர் பேசாத மனிதர். திரையில் குழந்தையின் தலையைச் சுற்றிப் புள்ளிப் புள்ளியாக ஒரு வட்டம் போட்டார். ஓரத்தில் எழுத்து வந்தது: முப்பத்து நாலு வாரம். தொடை எலும்பில் ஒரு கோடு போட்டார். முப்பத்து நாலு வாரம். அப்புறம் வயிற்றைச் சுற்றி வட்டம். வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது. முப்பத்தெட்டு வாரம்.

"அப்பாடி, எவ்வளவு பெரிசு!" என்றாள் நாத்தனார். "நான் சொல்லல? சாப்பாடு சும்மா போகுமா?"

ஒரு நாளைக்கு எழுநூறு பீஸை அளக்கிறவளுக்கு அந்தத் திரையைப் படிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கழுத்து ஒரு சைஸ், மார்பு வேறொரு சைஸ். நாலு வாரம் எந்த டாலரன்ஸிலும் வராது. அவள் மேஜைக்கு இப்படி ஒரு பீஸ் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு சிவப்புக் கூடையில் போடுவாள். இது கூடையில் போடுகிற சாமான் இல்லை.

டாக்டரம்மாவின் அறையில் ஸ்கேன் தாள் ஒரு பக்கமும் சர்க்கரை நோட்டு ஒரு பக்கமும் கிடந்தன. டாக்டருக்கும் களைப்பு. காலையிலிருந்து எத்தனை வயிறுகளைப் பார்த்தாளோ, இன்னும் எத்தனை பாக்கியோ. தாளைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள்.

"வயிறு கொஞ்சம் முந்திப் போகுது. சர்க்கரை ஏறினாத்தான் இப்படி ஆகும். ஆனா உங்க நோட்டு சுத்தமா இருக்கே." பேனாவால் மேஜையைத் தட்டினாள். "சில குழந்தைங்க இயற்கையாவே பெரிசா இருக்கும். ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம். இப்ப எதையும் மாத்த வேண்டாம்."

"எங்க குடும்பத்துல எல்லாக் குழந்தையும் பெரிசுதான் டாக்டர்" என்று எழுந்துவிட்டாள் நாத்தனார்.

அரை சென்டியும் எழுந்தாள். நோட்டைப் பைக்குள் வைத்தாள். கதவு வரைக்கும் போய்விட்டாள். கால் கடுத்தது. முதுகு விட்டுப்போனது. வீட்டுக்குப் போய்க் காலைத் தலையணைமேல் தூக்கிப் போட்டுப் படுக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த உடம்புக்கு வேறு ஆசை கிடையாது. டாக்டரே பாஸ் போட்டாகிவிட்டது. இனி யார் கேட்கப் போகிறார்கள்? கைப்பிடியில் கை வைத்தபோது குழந்தை உள்ளே ஒரு புரட்டுப் புரண்டது. இடமில்லாமல் புரள்வது போல மெதுவாக.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"டாக்டர், தலை முப்பத்து நாலு, வயிறு முப்பத்தெட்டு. ஒரே பீஸ்ல ரெண்டு சைஸ் எப்படி வரும்?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். இந்த மாதிரி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள் போல. பொறுமையாகவே சொன்னாள். "உங்க ரத்தத்துல ஏறுற சர்க்கரை அப்படியே குழந்தைக்குப் போயிடும். அதை அடக்குற இன்சுலின் உங்ககிட்டயிருந்து போகாது. அதனால குழந்தை தானே நிறைய இன்சுலின் சுரக்கும். வந்த சர்க்கரையைக் கொழுப்பாக்கி வயித்துலயும் தோள்லயும் சேர்த்து வைக்கும். தலை கூடுதலா வளராது, சட்டை அளவு மட்டும் ஏறும். பிரசவத்துல தலை வந்துடும், தோள் சிக்கிக்கும். வெளிய வந்தப்புறமும் கஷ்டம். கொடி அறுத்ததும் சர்க்கரை வரத்து நின்னுடும், ஆனா குழந்தையோட உடம்பு பழைய வேகத்துலயே இன்சுலின் சுரந்துக்கிட்டு இருக்கும். அதோட சர்க்கரை மளமளன்னு இறங்கிடும். அதுக்குத்தான் இந்த நோட்டு. உங்களுக்கு அந்தப் பயம் இல்லையே."

"நோட்டு தப்பு டாக்டர்."

"என்ன தப்பு?"

"நான் எழுதினது தப்பு." பையிலிருந்து மிஷினை எடுத்து மேஜையில் வைத்தாள். "கொஞ்சம் ஏறினா சார்ட் அளவுல எழுதினேன். ரொம்ப ஏறினா கை கழுவி, நடந்துட்டு வந்து இன்னொரு தடவை குத்தி அதை எழுதினேன். முதல்ல வந்தது எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு."

கதவருகில் நின்ற நாத்தனார் திரும்பி வந்தாள். டாக்டர் மிஷினின் பொத்தானை அழுத்தினாள். அழுத்திக்கொண்டே போனாள். நூற்று அறுபத்தொன்று, நூற்று நாற்பது, நூற்று ஐம்பத்தெட்டு, நூற்று முப்பத்தாறு, நூற்று எழுபத்துமூன்று. ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு சின்ன ஓசை.

திட்டியிருந்தால் தேவலை. டாக்டர் திட்டவில்லை. மிஷினைக் கீழே வைத்து, கண்ணாடியைக் கழற்றி, கண்ணைக் கசக்கிக்கொண்டாள். "ஏழு வாரம் போச்சேம்மா" என்றாள். அவ்வளவுதான். இன்சுலின் சீட்டை எழுத ஆரம்பித்தாள்.

அன்றைக்கு ராத்திரி புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். துணிக்கு அடியிலிருந்த டப்பாவையும் எடுத்து வைத்தாள். அவன் வெகுநேரம் கை விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "எட்டு பேர் தாங்கும்னு நான் சொன்னது புது லிஃப்டை" என்றான் கடைசியில்.

நாத்தனார் இரண்டு நாள் மேலே வரவில்லை. மூன்றாம் நாள் வந்தாள். கையில் சின்னக் கிண்ணம், அதிலும் பாதி. "இந்தா. இதைப் போட எனக்கே வெட்கமா இருக்கு, பூனைக்கு வைக்கிற மாதிரி. சாப்பிட்டுத் தொலை" என்று சொல்லிவிட்டு, அங்கேயே சுவரோரம் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நான் ஒருத்தி, வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்" என்றாள்.

அதற்குப் பிறகு நாலு வாரம் நோட்டு அசிங்கமாக இருந்தது. ஒவ்வொரு வேளையும் ஒரு தடவைதான் குத்தினாள், வந்ததை எழுதினாள். நூற்று அறுபதுகள் இருந்தன. ஊசியின் அளவைக் கூட்டக் கூட்ட அவை நூற்று நாற்பதுக்கு இறங்கி வந்தன. சர்க்கரை நர்ஸ் இப்போது நோட்டை யாருக்கும் காட்டவில்லை. ஆனால் ஒரு புதன்கிழமை, தன் டிபன் டப்பாவிலிருந்த வெள்ளரித் துண்டை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

முப்பத்தெட்டாவது வாரம் வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். ஆண் குழந்தை, நாலு கிலோ முந்நூறு. சிவந்த முகம், கன்னம் கண்ணை மூடியிருந்தது. தோள் ஒரு பயில்வானுடையது. ஃபாக்டரிப் பெண்கள் கொடுத்தனுப்பிய சட்டை, பிறந்த குழந்தை சைஸ், அவளே முன்பு சிவப்புக் கூடையில் போட்டது, தோளில் ஏறவே இல்லை. அதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடிப்பதற்குள் குழந்தையின் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. அழுகை தேய்ந்தது. நர்ஸ் குதிகாலில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை இருபத்தேழுதான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பச்சிளம் குழந்தைகளைப் பெட்டியில் வைத்துப் பார்க்கிற கண்ணாடி அறைக்கு ஓடினார்கள்.

இரண்டு நாளாக அவன் அங்கேதான் கிடந்தான். பக்கத்துப் பெட்டிகளில் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ, உள்ளங்கை அளவுக் குழந்தைகள். நடுவில் இவன் மட்டும் மேற்பார்வைக்கு வந்த மேனேஜர் மாதிரி படுத்திருந்தான், கையில் சர்க்கரைத் தண்ணீர் ஏறிக்கொண்டு. பெட்டியின் ஓட்டைக்குள் கையை விட்டு அவனைத் தொடலாம். வெளியே எடுக்கக் கூடாது. அவள் இன்னும் அவனை மடியில் போட்டுப் பார்க்கவில்லை. பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் கொடுத்தாள். அதை வேறு யாரோ புகட்டினார்கள். அப்போதெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

மூன்றாம் நாள் காலையில் சர்க்கரைத் தண்ணீரை நிறுத்தினார்கள். கண்ணாடி அறை நர்ஸ் விதியைச் சொன்னாள். மூன்று மணி நேரத்துக்கு ஒருதடவை குத்திப் பார்ப்பார்கள். தொடர்ந்து மூன்று தடவை நாற்பத்தைந்துக்குக் குறையக் கூடாது. அப்படி வந்தால் குழந்தை அம்மா கைக்கு வந்துவிடும். ஒன்று குறைந்தாலும் தண்ணீரை மறுபடி ஏற்றி, எல்லாம் முதலிலிருந்து.

பத்து மணிக்கு நாற்பத்தொன்பது. ஒரு மணிக்கு நாற்பத்தேழு. மூன்றாவது அளவு நாலு மணிக்கு. மூன்றரைக்கே அவளைச் சக்கர நாற்காலியில் வைத்துப் புருஷன் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான். தையல் வலியில் அவளால் நிமிர முடியவில்லை. நாத்தனார் கண்ணாடிக்கு வெளியே நின்று, தன் பழைய நூல் புடவை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். குழந்தையைச் சுற்றி எடுத்துவரத்தான்.

நர்ஸ் குழந்தையின் காலைத் தூக்கினாள். குதிகாலில் இதுவரை குத்திய புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன. அரை சென்டி எண்ணிப் பார்த்தாள். பதினெட்டு. ஊசி இறங்கியதும் அவன் வாயைத் திறந்து, சத்தமே வராமல், முகம் முழுக்க அழுதான். ரத்தச் சொட்டு பட்டையில் ஏறியது. மிஷின் யோசித்தது.

நாற்பத்து நாலு.

நர்ஸ் எழுதவில்லை, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் எத்தனையாவது மணி நேர வேலையோ.

"ஒண்ணே ஒண்ணுதானே சிஸ்டர் குறையுது?" புருஷனின் குரல் கெஞ்சியது. "இன்னொரு தடவை குத்திப் பாருங்களேன். மூணு நாளா இவ பிள்ளையைத் தூக்கலை."

நர்ஸ் தாயைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். "கால் சில்லுன்னுதான் இருக்கு" என்றாள் மெதுவாக. "கொஞ்சம் தேய்ச்சு சூடாக்கிட்டு, பத்து நிமிஷம் கழிச்சு வேணும்னா…" உள்ளங்கையை அந்தக் குதிகாலில் வைத்து நீவத் தொடங்கினாள், சுருக்கம் எடுக்கிற மாதிரி.

அரை சென்டி அந்தக் கையைப் பார்த்தாள். மார்பில் பால் கட்டி வலித்தது. பத்து நிமிஷம். அதற்குள் நாற்பத்தாறு வந்தாலும் வரும். வந்தால் இவன் இந்த மடியில் கிடப்பான். அவளுக்கு அவன் வேண்டும். உலகத்தில் வேறு எதுவும் அவளுக்கு அவ்வளவு வேண்டியதாக இருந்ததில்லை.

"வேண்டாம் சிஸ்டர்" என்றாள். "வந்ததை எழுதுங்க."

புருஷன் அவளைத் திரும்பிப் பார்த்தான். கண்ணாடிக்கு அப்பால் நாத்தனாருக்கு எதுவும் கேட்டிருக்காது, துணியை விரித்துத் தயாராக நின்றாள். நர்ஸ் குதிகாலிலிருந்து கையை எடுத்து, தாளில் நாற்பத்து நாலு என்று எழுதினாள். சர்க்கரைத் தண்ணீர்க் குழாயை மறுபடி இணைத்தாள்.

அரை சென்டி ஓட்டைக்குள் கையை விட்டு, பத்தொன்பதாவது புள்ளியின்மேல் கட்டை விரலை வைத்து ரத்தம் நிற்கும் வரை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல் நுனியிலும் அதே மாதிரிப் புள்ளிகள் இன்னும் ஆறாமல் இருந்தன. அழுதாள், கையை எடுக்கவில்லை. அடுத்த அளவு ஏழு மணிக்கு.